வினாவும் கருவியும் சொல்லும்: மியூனிக் இயந்திரப் பொறியியல் துறைப் பேராசிரியர்தம் ஆய்வுப் புலங்கள்

முன்னுரை

பல்கலைக்கழகம் ஒன்றன் இயந்திரப் பொறியியல் துறைக்குரிய குறிப்பேட்டைப் புரட்டினால், பேராசிரியர் பெயரும் அவர்தம் ஆய்வுப் புலமும் வரிசையாக நிற்கக் காண்கின்றோம். ஒருவர்க்கு வெப்ப இயக்கவியல், மற்றொருவர்க்குப் பொருள்களின் வலிமை, பிறிதொருவர்க்குப் பற்சக்கரம், வேறொருவர்க்கு நீர்ப்பொறி. தமிழ் பயில்வார்க்கு இப்பட்டியல் ஓர் அயல்நாட்டின் ஊர்ப்பெயர்ப் பட்டியல் போலத் தோன்றுதல் இயல்பே. ஊர்கள் இருக்கின்றன என்பது தெரியும். அவற்றை இணைக்கும் வழிகள் தெரியா.

இப்பட்டியல் நமக்கு எதற்கு என வினவுவார் உளர். 2010 ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் இயந்திரப் பொறியியலையும் கட்டடப் பொறியியலையும் தமிழ்வழியாகக் கற்பிக்கத் தொடங்கிற்று. அன்று முதல் இப்புலங்களின் சொற்கள் அகராதியில் மட்டும் உறைவன அல்ல. வகுப்பறையில் மாணவன் வாயிற் பயில வேண்டுவன. சொல் பொருந்தாதாயின் பொருள் திரியும். பொருள் திரியின் தமிழ் மீதே குறை சுமத்தப்படும். ஆகவே, சொல்லாக்கத்தில் ஈடுபடும் தமிழாய்வாளர், அச்சொற்கள் பிறந்த புலங்களின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

ஆய்வுப் புலம் ஒவ்வொன்றும் மூன்று உறுப்புகளால் ஆயது என்பது நம் கருத்து. முதலாவது, விடை காணாத ஒரு வினா. இரண்டாவது, அவ்வினாவை அளவைக்கு உட்படுத்தும் ஒரு கருவி. மூன்றாவது, கண்டதனைச் சுட்டும் ஒரு சொல். இம்மூன்றனுள் சொல்லை மட்டும் பிரித்தெடுத்து மொழிபெயர்ப்போமாயின், வேரற்ற கிளையை நட்டவராவோம். இதனை ஒரு துறையின் வரலாற்றைக் கொண்டு விளக்க முற்படுவோம். அதற்குத் தக்கதாக, ஜெர்மனி நாட்டு மியூனிக் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைத் தெரிந்துகொள்கின்றோம். ஆசிரியர் மாணவர் வழிவழியாக வினாக்கள் கைமாறிய முறை அங்குத் தெளிவாக விளங்குகின்றது என்பதே காரணம்.

தோற்றம்

பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக் காலத்தில், 1868 ஆம் ஆண்டில், மியூனிக் நகரில் பல்தொழிற் பள்ளி ஒன்று நிறுவப்பெற்றது. 1877 இல் அது தொழில்நுட்ப உயர்கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1901 இல் முனைவர் பட்டம் வழங்கும் உரிமை அதற்குக் கிடைத்தது. 1970 முதல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என வழங்கலாயிற்று. தொடக்க நாளில் அங்கிருந்த பேராசிரியர் சிலரே. அவரவர்க்குக் கற்பிக்கும் பாடம் வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் ஆய்வுப் புலம் வகுக்கப்பட்டிருக்கவில்லை. அதனை அவர்களே கண்டுகொண்டனர். எங்ஙனம் கண்டனர் என்பதே இனி நாம் காண்பது.

பௌஷிங்கர்: வலிமையை அளத்தல்

தொடக்க ஆண்டிலேயே பணியேற்றவர் யோகான் பௌஷிங்கர். தொழில்நுட்ப விசையியல் அவர்தம் பாடம். இருப்புப்பாதையும் இரும்புப் பாலமும் பெருகிய காலம் அது. இவ்விரும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்னும் வினா எங்கும் எழுந்தது. ஆலை ஒவ்வொன்றும் தன் இரும்பைத் தன் போக்கிற் சோதித்தது. ஒன்றன் முடிவோடு மற்றொன்றன் முடிவை ஒப்பிட இயலவில்லை.

பௌஷிங்கர் 1870 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். லுட்விக் வெர்டர் என்பார் வடிவமைத்த, 100 டன் விசை செலுத்தவல்ல சோதனைப் பொறியை அதில் நிறுவினார். பொறி இழுக்கும், ஆயினும் கம்பி எவ்வளவு நீண்டது என்பதைக் கண் அறியாது. அதற்காகக் கண்ணாடிக் கருவி ஒன்றைப் படைத்தார். கம்பி நீளுந்தோறும் சிறு கண்ணாடி ஒன்று திரும்பும். தொலைவில் உள்ள அளவுகோலின் உருவம் அதன்கண் நகர்வதைத் தொலைநோக்கி வழியே படிப்பர். மயிரிழையினும் நுண்ணிய நீட்சி இவ்வாறு எண்ணாக மாறிற்று.

இக்கருவியால் எதிர்பாராத உண்மை ஒன்று புலப்பட்டது. இரும்புக் கம்பியை அதன் மீள்மை எல்லைக்கு அப்பால் இழுத்துப் பின் அமுக்கினால், அது முன்னையினும் குறைந்த விசைக்கே இடங்கொடுத்து விடுகின்றது. முன்னர்ப் பட்டது அதனுள்ளே தங்கிவிடுகின்றது என்பது இதன் பொருள். இன்றும் இது பௌஷிங்கர் விளைவு எனப்படும். 1884 இல் அவர் மியூனிக்கில் ஒரு மாநாடு கூட்டிச் சோதனை முறைகளை ஒருமைப்படுத்த வழிகோலினார்.

ஈண்டுச் சொற்களை நோக்குவோம். பொருளின் உள்ளே எழும் எதிர்விசையைப் பரப்பால் வகுத்துக் காண்பது தகைவு. பொருள் அடையும் வடிவ மாற்றத்தை அதன் முதல் அளவால் வகுத்துக் காண்பது திரிபு. தகைத்தல் என்பது தடுத்தலாகலின், முதற்சொல் பொருந்துவதே. திரிபு என்பதோ நம் இலக்கணத்தார் புணர்ச்சி விகாரங்களுள் ஒன்றற்கு இட்ட பெயரோடு உறவுடையது. எழுத்து அழியாது வேறாதல் திரிதல். இரும்பு அழியாது வடிவு வேறாதலும் திரிபே. இச்சொல்லை ஆக்கியவர் பழைய சொல்லுக்குப் புதிய இடம் காட்டினர் எனலாம். இதுபோன்று வினாவை அறிந்து ஆக்கிய சொல்லே நிலைக்கும்.

லிண்டே: வெப்பத்தை அகற்றுதல்

பௌஷிங்கரோடு அதே ஆண்டில் பணியேற்றவர் கார்ல் லிண்டே. அப்போது அவர்க்கு அகவை 26. 1872 இல் முழுநிலைப் பேராசிரியரானார். சூரிக் நகரில் கிளாசியஸ், சாய்னர் ஆகியோரிடம் பயின்றவராகலின், வெப்பம் பற்றிய கோட்பாட்டில் ஆழ்ந்த பயிற்சி உடையவர்.

அவர்க்கு வினாவைக் கொடுத்தது அவ்வூர்த் தொழிலே. பவேரிய நாட்டுப் பீர், குறைந்த வெப்பநிலையில் புளிக்க வைக்கப்படுவது. அதற்காகக் குளிர்காலத்தில் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டி நிலவறைகளிற் சேமித்தனர். குளிர்காலம் வெம்மையுற்றால் தொழிலே தளரும். குளிர்ச்சியைப் பொறியால் ஆக்க முடியுமா எனப் பலர் முயன்றிருந்தனர். லிண்டே வேறு வகையாக வினவினார். குறித்த அளவு வெப்பத்தைக் குளிர்ந்த இடத்திலிருந்து வெம்மையான இடத்திற்கு ஏற்றக் குறைந்தது எவ்வளவு வேலை வேண்டும்? இருக்கும் பொறிகள் எவ்வளவு வேலையை வீணாக்குகின்றன? இவ்வினாவிற்கு விடையாக 1870 இலும் 1871 இலும் கட்டுரைகள் வெளியிட்டார். அவற்றைக் கண்ட பீர் ஆலையார் அவரை நாடினர். மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் முதற்பொறி நிறுவப்பெற்றது. அது மீதைல் ஈதரால் இயங்கிற்று; 1876 இல் செய்த பொறியில் அம்மோனியாவைக் கையாண்டார்.

இதே காலத்தில் மாணவர்கள் பொறிகளைத் தம் கையால் இயக்கி அளந்து பயில்வதற்கென ஓர் இயந்திர ஆய்வுக்கூடத்தையும் அவர் தோற்றுவித்தார். பொறியியலை ஏட்டில் மட்டும் கற்பித்த காலத்தில் இஃது ஒரு திருப்பம். 1879 இல் பேராசிரியர் பதவியைத் துறந்து, குளிர்ப்பொறி செய்யும் நிறுவனம் ஒன்றை நிறுவினார். பின்னர் மியூனிக்கிற்கு மீண்டு, 1895 இல் பேரளவிற் காற்றை நீர்மமாக்கும் வழி கண்டார். அமுக்கிய காற்றை விரிய விட்டுக் குளிர்வித்து, அக்குளிர்ந்த காற்றைக் கொண்டே வரும் காற்றைக் குளிர்விக்கும் எதிரோட்ட முறை அது.

குளிர்பதனம் என்னும் சொல் இன்று பெருவழக்காக உள்ளது. பதன் செய்தல் என்பது கெடாமற் காத்தலாகலின், உணவுப் பொருளுக்கு அது பொருந்தும். ஆனால் காற்றை நீர்மமாக்குவதில் காக்கப்படுவது யாதொன்றும் இல்லை. லிண்டேயின் புலம் முழுவதையும் தழுவ வேண்டுமாயின், குளிராக்கம் என்பதே பொதுச்சொல்லாகவும், குளிர்பதனம் என்பது அதனுள் ஒரு வகையாகவும் அமைதல் வேண்டும். வினாவை அறியாதார்க்கு இவ்வேறுபாடு புலனாகாது.

ஷ்ரோட்டரும் டீசலும்: சான்று கூறுதல்

லிண்டேயின் வகுப்பில் ருடால்ப் டீசல் என்னும் மாணவர் இருந்தார். நீராவிப் பொறி, எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்கையே வேலையாக மாற்றுகின்றது என்றும், கோட்பாட்டின்படி அதனினும் மிகுதியாக மாற்ற இயலும் என்றும் ஆசிரியர் கூறியது அவர் உள்ளத்தில் தங்கிற்று. 1880 இல் தேர்வில் வென்று, லிண்டேயின் நிறுவனத்திலேயே பணியாற்றி, 1892 இல் தம் புதிய வெப்பப்பொறிக்கு உரிமை கோரினார். 1893 இல் அதன் கோட்பாட்டை நூலாக வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் நகர் இயந்திர ஆலையில் பல்லாண்டு முயற்சி நடந்தது. முதலிற் கருதியபடி வெப்பநிலை மாறாது எரித்தல் இயலவில்லை. அழுத்தம் ஏறத்தாழ மாறாது எரிக்கும் முறையே கைகூடிற்று.

கண்டுபிடித்தவர் தம் பொறியைத் தாமே புகழ்வது சான்றாகாது. 1897 பெப்ருவரி 17 ஆம் நாள், லிண்டேக்குப் பின் அவர் இருக்கையில் அமர்ந்த பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அப்பொறியை அளந்து சோதித்தார். எரிபொருளின் வெப்பத்தில் 26.2 விழுக்காடு வேலையாக மாறிற்று என அறிவித்தார். அக்காலத்து நீராவிப் பொறிகளுள் பெரும்பாலானவை இதன் பாதியையும் எட்டியதில்லை. ஷ்ரோட்டர் பெரும்பொறி எதனையும் புதிதாகப் படைத்தவர் அல்லர். ஆதலின் மக்கள் அவர் பெயரை அறியார். ஆயினும் அவர்தம் புலம் சிறியதன்று. முன்னரே பல அமைப்புக் குளிர்ப்பொறிகளையும் அவர் ஒப்பிட்டு அளந்திருந்தார். விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் நடுவே நின்று, எண் கொண்டு சான்று கூறுதலே அப்புலம். பொறியியல் துறை பல்கலைக்கழகத்தில் இடம்பெற்றிருப்பதன் பயனை இந்நிகழ்ச்சி நன்கு காட்டுகின்றது.

டீசல் என்னும் சொல் தமிழில் அடைந்த வளர்ச்சி இலக்கணம் வல்லார்க்குச் சுவை பயப்பது. மனிதர் பெயர் அவர் படைத்த பொறிக்கு ஆயிற்று, இது கருத்தாவாகுபெயர். பொறியின் பெயர் அதனை இயக்கும் எண்ணெய்க்கு ஆயிற்று, ஆகவே இருமடியாகுபெயர். இன்று எண்ணெய் நிலையத்தில் அச்சொல்லைக் கூறுவார்க்கு முதற்பொருள் நினைவில் இல்லை. இத்தகைய சொல்லைப் பெயர்த்தெழுத முயல்வது வீண். மக்கள் வழக்கே அதற்குக் குடியுரிமை அளித்துவிட்டது.

ஃபெப்பிளும் பிராண்டிலும்: கணக்கினாற் காணுதல்

1893 இல் பௌஷிங்கர் மறைந்தபின் அவர் இடத்திற்கு ஆகஸ்ட் ஃபெப்பிள் வந்தார். முன்னவர் அளந்தறிந்தார், இவர் கணக்கிட்டு அறிந்தார். விரைந்து சுழலும் தண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவே பொருத்திய சக்கரத்தின் எடைமையம் அச்சில் இம்மியும் பிசகாது அமைதல் அரிது. வேகம் ஏற ஏறத் தண்டு வளைகின்றது. ஒரு குறித்த வேகத்தில் வளைவு அளவிறந்து பெருகுகின்றது. அவ்வேகத்தைக் கடந்தால் தண்டு முறிந்தே தீரும் எனக் கற்றோர் பலர் கருதினர். சுவீடன் நாட்டு லவாலின் நீராவிச் சுழலியோ அதனைக் கடந்து அமைதியாக ஓடிற்று. இது எங்ஙனம் என்பதை 1895 இல் ஃபெப்பிள் விளக்கினார். மாறுநிலை வேகத்திற்கு மேலே எடைமையம் வெளிப்பக்கம் செல்லாது உட்பக்கம் திரும்பிச் சுழலச்சை நெருங்குகின்றது. ஆகலின் சுழற்சி தானே அமைதியுறுகின்றது என்பது அவர் விடை. 1890 களின் இறுதியிலிருந்து வெளிவந்த அவர்தம் தொழில்நுட்ப விசையியல் விரிவுரைகள் பல தலைமுறைக்குப் பாடநூலாயின.

அவர் மாணவருள் தலைசிறந்தவர் லுட்விக் பிராண்டில். உயர்ந்து மெலிந்த உத்தரம் பாரம் தாங்குங்கால் பக்கவாட்டில் சாய்ந்து முறுகுவதே பிராண்டிலின் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். உயர்கல்லூரிக்கு அன்று பட்டம் வழங்கும் உரிமை இன்மையால், மியூனிக் பல்கலைக்கழகத்தில் அவர் பட்டம் பெற்றார். பின் நியூரம்பர்க் நகர் ஆலையில் மரச்சீவல்களைக் காற்றால் உறிஞ்சி அகற்றும் குழாய்களைச் செப்பனிடும் பணி கிடைத்தது. குழாய் விரியும் இடத்தில் அழுத்தம் கணக்கின்படி மீளவில்லை. காற்று சுவரை விட்டு விலகிற்று. ஏன் விலகிற்று என்னும் வினா அவரை விடவில்லை. 1904 இல் ஐடெல்பர்க் நகரில் கூடிய கணித மாநாட்டில் விடை கூறினார். பாய்மம் சுவரை ஒட்டிய இடத்தில் நின்றுவிடுகின்றது. சுவரிலிருந்து சிறிது தொலைவிலேயே முழுவேகம் பெறுகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மெல்லிய பகுதியிலேதான் உராய்வு ஆட்சி செய்கின்றது. அதற்கப்பால் உராய்வே இல்லை எனக் கொள்ளலாம். இக்கருத்தின் மேலேதான் வானூர்தியியல் பெரிதும் எழுந்தது. பிராண்டில் தம் வாழ்நாட் பணியைக் கோட்டிங்கனில் ஆற்றினார். எனினும் வித்து மியூனிக்கினது.

இப்பகுதிக்கு எல்லையடுக்கு என்றும் எல்லைப்படலம் என்றும் இரு சொற்கள் அமையக்கூடும். அடுக்கு என்பது மேலும் கீழும் தெளிந்த விளிம்புடைய ஒன்றை நினைவூட்டும். ஈண்டோ வெளிவிளிம்பு என ஒன்று திட்டமாக இல்லை. வேகம் படிப்படியாகவே முழுமை பெறுகின்றது. படலம் என்பது ஒன்றன்மேற் படர்ந்து மூடிய மென்மையைக் குறிக்கும். படர்தற் பொருள், கீழ்நோக்கிச் செல்லச் செல்ல அது தடித்து வளர்வதற்கும் ஏற்கும். கண்ணிற் படரும் படலத்தையும் காப்பியத்தின் படலத்தையும் உடைய நமக்கு இச்சொல் புதியதன்று. ஆகவே எல்லைப்படலம் என்பதே தக்கது.

புர்மெஸ்டர்: இயக்கத்தின் வடிவியல்

1887 இல் மியூனிக்கிற்கு வந்த லுட்விக் புர்மெஸ்டர் வரைவியலும் இயக்கவடிவியலும் கற்பித்தவர். அடுத்த ஆண்டில் இயக்கவடிவியல் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அவர் வினாவில் விசை இல்லை, வெப்பம் இல்லை, அசைவு மட்டுமே உண்டு. ஒரு பொருள் தளத்தில் குறித்த நான்கு நிலைகளை வரிசையாக அடைய வேண்டுமாயின், அதனை எந்தத் தண்டுகளால், எவ்விடத்தில் கோத்துப் பிணைப்பது? பொருளின்மீதுள்ள புள்ளிகளுள் சிலவே, நான்கு நிலைகளிலும் ஒரே வட்டத்தின்மேல் அமையும். அப்புள்ளிகள் மூன்றாம் படி வளைகோடு ஒன்றன்மேல் உள்ளன எனக் காட்டினார். அவற்றுள் இரண்டைத் தெரிந்தால் வேண்டிய பொறியமைவு கிடைத்துவிடும். அவர்தம் கருவி கவராயமும் அளவுகோலுமே. ஆய்வுக்கூடம் இன்றியும் ஆய்வுப் புலம் அமையும் என்பதற்கு இவர் சான்றாவர்.

குனோப்ளாவும் நுசெல்ட்டும்: வெப்பம் செல்லும் வழி

குளிர்ப்பொறி பெருகியவுடன் மற்றொரு வினா தோன்றிற்று. பொறி அகற்றிய வெப்பம் சுவர் வழியாக மீண்டும் உட்புகுமாயின் உழைப்பு வீணே. எப்பொருள் வெப்பத்தை நன்கு தடுக்கும்? இவ்வினாக்களை ஆராய லிண்டேயின் முயற்சியால் 1902 இல் தொழில்நுட்ப இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒன்று எழுந்தது. ஆஸ்கர் குனோப்ளாவ் அதன் தலைவர். தக்கை முதலிய காப்புப் பொருள்கள் வெப்பத்தைக் கடத்தும் அளவு அங்கே அளக்கப்பட்டது. இப்பொருள் பற்றி 1907 இல் முனைவர் பட்டம் பெற்றவர் வில்ஹெல்ம் நுசெல்ட்.

நுசெல்ட், அசையாப் பொருளிலிருந்து அசையும் பொருளுக்குச் சென்றார். குழாயில் ஓடும் நீரோ காற்றோ சுவரிலிருந்து எவ்வளவு வெப்பம் கொள்ளும்? குழாயின் அளவு, பாய்மத்தின் வேகம், பாகுநிலை, கடத்துதிறன் எனப் பல கூறுகள் இதில் அடங்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றிச் சோதிக்க வாழ்நாள் போதாது. 1915 இல் வெளியிட்ட கட்டுரையில், இக்கூறுகளைச் சில எண்களாகத் தொகுத்துவிடலாம் எனக் காட்டினார். அவ்வெண்களுக்கு அலகு இல்லை. சிறு குழாயிற் கண்ட முடிவை, அவ்வெண்கள் ஒத்திருக்குமாயின், பெருங்குழாய்க்கும் ஏற்றலாம். அவற்றுள் ஒன்று நுசெல்ட் எண் எனப் பெயர் பெற்றது. பாய்மம் அசையாது நின்று கடத்தலால் மட்டும் கொள்ளும் வெப்பத்தைப்போல், அசைவினால் எத்தனை மடங்கு கொள்கின்றது என்பதே அதன் பொருள். 1916 இல் நீராவி குளிர்ந்த சுவரில் நீர்ப்படலமாக ஒழுகுவதற்கும் கணக்குக் கண்டார். 1925 முதல் 1952 வரை மியூனிக்கில் பேராசிரியராக விளங்கினார். அவர்க்குப்பின் வந்த எர்ன்ஸ்ட் ஷ்மிட்டும் குனோப்ளாவின் ஆய்வுக்கூடத்திற் பயின்றவரே. பாகுநிலைக்கும் பொருள் கலந்து பரவுதலுக்கும் உள்ள விகிதம் அவர் பெயரால் வழங்குகின்றது.

பீர் ஆலையின் நிலவறையில் எழுந்த வினா, 3 தலைமுறை கடந்து, பெயர் தாங்கிய எண்களாக உலகெங்கும் பரவிய வரலாறு இது. நம் நாட்டு மாணவர் இவ்வெண்ணைச் சூத்திரமாக மனப்பாடம் செய்கின்றனர். எத்தனை மடங்கு என்னும் வினாவோடு அதனைக் கற்பிப்போமாயின் மனப்பாடம் வேண்டா.

தோமாவும் நீமானும்: இருவகைக் குழி

1924 இல் பவேரியாவில் வால்கன் ஏரி நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அக்காலத்தில் மியூனிக்கில் நீர்ப்பொறிப் பேராசிரியராக விளங்கியவர் டீட்டர் தோமா. குழாய் வளைவுகளிலும் கிளைகளிலும் நீர் இழக்கும் ஆற்றலை அவரும் அவர் மாணவரும் அளந்தனர். சுழலியின் அலகுகளை அரிக்கும் ஒரு நிகழ்வைக் கணிக்க அவர் வகுத்த எண் இன்றும் தோமா எண் எனப்படும். அந்நிகழ்வு யாது? நீர் விரைந்தோடும் இடத்தில் அழுத்தம் குறைகின்றது. மிகக் குறைந்தால் நீர் அங்கேயே ஆவிக்குமிழாகின்றது. அழுத்தம் மிக்க இடத்தை அடைந்ததும் குமிழ் உட்குலைந்து, உலோகத்தைச் சம்மட்டியால் அடிப்பது போலத் தாக்குகின்றது.

குஸ்டாவ் நீமான் 1950 களின் தொடக்கத்தில் மியூனிக்கில் பற்சக்கர ஆய்வு நிலையத்தை அமைத்தவர். பற்கள் ஒன்றையொன்று அழுத்தி உருளுங்கால், நாட்செல்ல மேற்பரப்பில் சிறு துகள்கள் பெயர்ந்து குழி விழுகின்றது. இதனை ஆராயப் பெருந்திறன் செலுத்தி நெடுநாள் ஓட்டுதல் வேண்டும். அதற்கு ஆகும் செலவோ பெரிது. அதற்கு வழியாகப் பயன்பட்டது வளையச் சோதனைப் பொறி. இரு பற்சக்கர இணைகளைத் தண்டுகளால் வளையமாகப் பிணைத்து, தண்டுகளை முறுக்கிப் பூட்டிவிடுவர். விசை வளையத்துள்ளேயே சுற்றிவரும். மின்பொறி உராய்வு இழப்பை மட்டும் ஈடுசெய்தால் போதும். மசகெண்ணெய்களை மதிப்பிடவும் இப்பொறி பல நாடுகளிற் பயன்படுகின்றது.

இவ்விரு புலங்களின் சொற்களை ஆக்குவார் விழிப்போடிருத்தல் வேண்டும். தோமா ஆராய்ந்த நிகழ்வுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர், வெற்றிடம் அல்லது உட்குழிவு என்னும் பொருளுடைய இலத்தீன் வேரினது. அகராதியை மட்டும் நோக்கி அதனைக் குழிவாதல் எனப் பெயர்த்தால், மாணவன் உலோகத்தில் விழும் குழியையே எண்ணுவான். உண்மையில் அப்பெயர் நீரில் தோன்றும் குமிழைக் குறிப்பது. உலோகக் குழி அதன் விளைவே. நீமான் ஆராய்ந்ததோ உலோகத்தில் விழும் குழியே. அங்குக் குமிழ் இல்லை. இரண்டிற்கும் ஒரே அடிச்சொல் வருமாயின், காரணமும் விளைவும் மயங்கும். வேறு வேறு நோய்களுக்கு ஒரே மருந்து தேடும் நிலை நேரும். முன்னதை ஆவிக்குமிழ்வு என்றும், பின்னதைப் பரப்புக்குழிவு என்றும் வழங்கலாம் என்பது நம் பரிந்துரை.

சொல்லாக்குவார்க்குச் சில

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, புலங்களின் பெயர் நிலையானதன்று. வலிமை பற்றிய இருக்கையில் அமர்ந்த ஃபெப்பிளிடமிருந்து பாய்மம் பற்றிய அறிவுக்கு வித்து கிடைத்தது; குளிர்ப்பொறி ஆசிரியரிடமிருந்து எரிபொறி பிறந்தது. ஆகவே இருக்கையின் பெயரைப் பெயர்த்தலினும் வினாவை விளக்குதல் முதற்கடன்.

இரண்டாவது, ஒரு சொல்லைத் தனியே ஆக்கலாகாது. தகைவோடு திரிபையும், குளிராக்கத்தோடு குளிர்பதனத்தையும், ஆவிக்குமிழ்வோடு பரப்புக்குழிவையும் இணைவைத்தே ஆக்குதல் வேண்டும். பொருள் வேறுபாடு சொல் வேறுபாட்டால் விளங்குவதே நல்ல கலைச்சொல்லின் இலக்கணம்.

மூன்றாவது, இப்பணி தமிழ்த்துறை தனித்துச் செய்வதன்று. பொறியியல் துறை தனித்துச் செய்வதும் அன்று. கலைச்சொல் அகராதியின் ஒவ்வொரு பதிவிலும் சொல்லுக்கு நேர்ச்சொல் தருவதோடு நில்லாது, எவ்வினாவிற்கு விடையாக, எவ்வாண்டில், எக்கருவி கொண்டு அப்பொருள் காணப்பட்டது என இரண்டு வரி சேர்த்தல் வேண்டும். முதுகலை மாணவர் ஒருவரும் பொறியியல் மாணவர் ஒருவரும் இணைந்தமர்ந்தால், ஒரு புலத்தின் சொற்களை ஓராண்டில் இவ்வாறு ஒழுங்குசெய்தல் இயலாததன்று. அப்பதிவுகளை வகுப்பிற் பயன்படுத்திப் பார்த்து, மாணவர் எங்கே இடர்ப்படுகின்றனர் எனக் குறித்தல் அடுத்த படி.

முடிவுரை

மியூனிக் பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியல் துறை 1997 இல் நகருக்கு வடக்கேயுள்ள கார்ஹிங் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. 2021 இல் பொறியியலும் வடிவமைப்பும் இணைந்த பெரிய கல்விப்புலத்துள் அடங்கித் தன் தனிப்பெயரை விட்டது. துறையின் எல்லைகள் இவ்வாறு மாறிக்கொண்டே இருக்கும். ஆயினும் இரும்பு எவ்வளவு தாங்கும், வெப்பம் எவ்வழிச் செல்லும், சுவரை ஒட்டிய காற்று ஏன் விலகும் என்னும் வினாக்கள் மாறவில்லை. புதிய கருவிகளோடு புதிய மாணவர் அவற்றையே தொடர்கின்றனர். தமிழில் இவ்வினாக்களை ஐயமின்றி எழுப்ப வல்ல சொற்களை அமைத்துத் தருதல் நம் துறையின் கடனாகும். வினா தமிழில் எழுந்தால் விடை தேடுவாரும் தமிழில் தோன்றுவர்.